இரண்டாம் தண்ணீர்

ஊர்ப் பெயரில் கிணறு இருக்கிறது.
கிணற்றில்தான் ஒன்றுமில்லை.

காவல்கிணற்றுக்கு நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து
ஒன்பது நாளைக்கு ஒரு தடவை
ராத்திரி ரெண்டு மணிக்கு
குழாய் முதலில் காற்றைத் துப்பும்.
அந்தச் சீறலுக்குத் தெருவே எழும்பும்.
பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி,
இத்தனை மைல் மண்ணுக்கடியில் நடந்து வந்த ஆறு
நாற்பது நிமிடம் என் வாசலில் நிற்கும்.

அதில் பாதியை நாங்கள்
கக்கூசில் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன்.
நீல டிரம்மில் சாக்பீஸால் கோடு கிழித்தேன்.
குளிக்க ஒரு கோடு, துவைக்க ஒரு கோடு,
அதற்கு ஒரு கோடு.
குடிக்கவும் பொங்கவும் எடுத்தது
என் நாலு விரல் அகலம்.

"குளிச்ச தண்ணியத் திருப்பிக் குடிக்கப் போறியளாக்கும்?"
பிளம்பர் அய்யாக்குட்டிக்கு ஒரே சிரிப்பு.
இல்லண்ணே, குடிக்கிற தண்ணிய
இனிமே அங்க ஊத்தப் போறதில்ல.
பைப்பை அறுக்கும்போது அவர் சிரிக்கவில்லை.
அவர் வீட்டிலும் ஒன்பதாம் நாள்தான்.

பின்பக்கம் இடுப்பளவு குழி.
அடியில் சல்லி, மேலே சிரட்டைக்கரி,
அதற்கும் மேலே தேரியிலிருந்து வந்த சிவப்பு மணல்.
ஓரத்தில் நாலு கல்வாழை.
ஊறி இறங்குவது பக்கத்துத் தொட்டியில் சேரும்.

சும்மா சொல்லக்கூடாது,
முதல் மாதம் நாறத்தான் செய்தது.
கொசு, சொர்ணபுஷ்பம் வீடு வரைக்கும் போனது.
அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

குழி அடைத்ததற்குக் காரணம் என் வீட்டுக்காரர்.
காத்தாடிக்குள் ஏறி
பல்சக்கரத்துக்குக் கிரீஸ் வைத்து
முந்நூறு அடி இறங்கி வருகிற சட்டை.
உம்ம சட்டைக்குத் தனி வாளி என்றேன்.
பதினோரு வருடத்தில் நான் போட்ட ஒரே சட்டம்.
பேசாமல் போய் வாளி வாங்கி வந்தார்,
சிவப்பில், மூடியோடு.

அடைத்த மணலை அள்ளி அலசினேன்.
அதற்கும் குளித்த தண்ணீர்தான்.
பழைய கொசுவலையை மேலே இழுத்துக் கட்டினேன்.
சோப்புப் பொடியைப் பாதியாக்கினேன்.

மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் உறுமிய ஒரு மத்தியானம்
ஜன்னல் அதிர்ந்தது.
தொட்டித் தண்ணீரில் வளையம் வளையமாய் ஒரு நடுக்கம்.
குனிந்து பார்த்தேன்.
லேசான பழுப்பு. வாடை இல்லை.
அடியில் கிடந்த பத்துப் பைசா தெரிந்தது.
அன்றைக்குத்தான் கல்வாழையும் பூத்திருந்தது,
நான் அதற்கப்புறம்தான் கவனித்தேன்.

நாத்தனார் பணகுடியிலிருந்து வந்தாள்.
மிச்சத் தண்ணீர் பாய்ந்து தள்ளிய வாழைக்குலையைத்
தொடமாட்டேன் என்றாள். "அழுக்குத் தண்ணியில வெளஞ்சது."
ஆறு வர்ற வழியில
எத்தன பேரு குளிச்சா, எத்தன எருமை கெடந்துச்சுன்னு
கேட்டுட்டா மதினி குடிக்கிய?
"அது ஆறுல்லா" என்றாள்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
சாயங்காலம் அவள் பஸ் ஏறும்போது
பைக்குள் ஒரு சீப்பு காய் இருந்தது.
நான் வைக்கவில்லை.

நேற்று ஒன்பதாம் நாள்.
ரெண்டு மணிக்குச் சீறியது.
கதவுகள், விளக்குகள், குடங்கள், யாரோ யாரையோ ஏசுவது.
டிரம்மில் இன்னும் ஒரு முழம் கிடந்தது.
"எழும்பலையா?" என்றார் இருட்டில்.
சொர்ணபுஷ்பம் மொதல்ல பிடிக்கட்டும்,
அவ வீட்டுல ஏழு பேரு.

நிறைய நிறைய
குடத்தின் குரல் ஏறிக்கொண்டே போய்
வாய்விளிம்பில் சட்டென்று நிற்பதை
இத்தனை வருடத்தில் முதல் தடவையாகப்
படுத்துக்கொண்டே கேட்டேன்.
ஒன்று. ரெண்டு.
நாலாவது குடத்துக்கு முன்னால்
தூங்கிப்போயிருப்பேன்.